நாலு பக்கம், ஆர்ட் பேப்பர்

காலை ஐந்தே முக்காலுக்கு போன் அடித்தால் எங்கள் பக்கத்தில் அது சாவுச் செய்தி. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். எம்.எல்.ஏ.வின் பி.ஏ. பேசினார்.

“அய்யா, ‘அயராது உழைக்கும்’ சரியா, ‘ஓயாது உழைக்கும்’ சரியா?”

“ரெண்டும் சரிதான் தம்பி. அயராதவர் தான் தூங்கமாட்டார். ஓயாதவர் நம்மளத் தூங்கவிடமாட்டார்.”

“அப்ப ரெண்டையுமே போட்டுருவோம்” என்றார்.

எங்கள் சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மக்களுக்கு வெளியிடும் பணி அறிக்கையில் நான் மாட்டிக்கொண்டது இப்படித்தான். முப்பத்துநாலு வருஷம் தமிழாசிரியராக இருந்ததற்கு அரசாங்கம் பென்ஷன் கொடுக்கிறது. ஊர் இந்த மாதிரி வேலைகளைக் கொடுக்கிறது. கும்பாபிஷேகப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கை பட்டுத்தான் அச்சுக்குப் போகும். அதிலும் கண்ணீர் அஞ்சலியில் எனக்குத் தனிப் பெயர். அண்டை அயலார் படித்துவிட்டுச் சிரிக்காதபடி செத்தவரைப் புகழ எனக்குத் தெரியும். அந்தத் திறமைக்காகத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று பிறகு புரிந்தது.

தஞ்சாவூர் மாவட்டத்தில் எட்டுத் தொகுதி. எங்களுடையது எது என்று சொல்லப்போவதில்லை. அண்ணன் எந்தக் கட்சி என்பதும் வேண்டாம். எந்தக் கட்சியானாலும் சாதனை மலரின் அட்டை ஒன்றுதான்: கை கூப்பிய அண்ணன், பின்னால் பச்சை வயல், மேலே வட்டத்துக்குள் தலைவர்கள். நாலு பக்கம், ஆர்ட் பேப்பர், பல வண்ணம். படம் மட்டும் பதினேழு. அதையெல்லாம் வைத்ததுபோக எழுத்துக்கு மிஞ்சியது ஒரு நாற்றங்கால் அளவு இடம். “அதுக்குள்ள மூணு வருஷத்தையும் நட்டுருங்க அய்யா” என்று ஒரு கட்டுக் காகிதத்தைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார் பி.ஏ.

முதலில் நிதி. தொகுதி மேம்பாட்டு நிதி எம்.எல்.ஏ. ஒருவருக்கு வருஷத்துக்கு 3 கோடி ரூபாய். கேட்டால் மலைப்பாக இருக்கும். தொகுதியில் இரண்டரை லட்சம் வாக்காளர் என்று வைத்துக்கொண்டு வகுத்துப் பாருங்கள்: தலைக்கு 120 ரூபாய். மாதம் பத்து ரூபாய். ஒரு டீக்குக்கூட இழுபறிதான். அந்தப் பணமும் அவர் கைக்கு வராது. இன்ன வேலை என்று அவர் எழுதிக்கொடுக்க, கலெக்டர் ஆபீஸ் அனுமதி தர, டெண்டர் விட, காண்ட்ராக்டர் மணல் விலையைச் சொல்லி இழுக்க, கடைசியில் பஸ் நிற்காத இடத்தில் ஒரு பயணியர் நிழற்குடை எழும்பும். எங்கள் ஊர் நிழற்குடையின் நெற்றியில் அண்ணன் பெயர் ஒரு அடி எழுத்தில் இருக்கிறது. ஊர்ப் பெயர் மூணு அங்குலம். புதிதாக வந்த தபால்காரர் ரெண்டு நாள் அண்ணன் பெயரைத்தான் ஊர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வரி ‘உயர்கோபுர மின்விளக்கு 6’. இதில் எனக்கு ஒரு குடும்பச் சிக்கல். புகையானையும் குருத்துப்பூச்சியையும் பிடிக்க வயலில் விளக்குப் பொறி வையுங்கள் என்று வேளாண்மைத் துறைக்காரர்கள் சொல்வார்கள். ஒரு பல்பு, அதன் கீழே மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர்த் தட்டு, அவ்வளவுதான். முச்சந்தியில் அண்ணன் வைத்தது எனக்குத் தெரிந்து இந்த வட்டாரத்திலேயே பெரிய விளக்குப் பொறி. தட்டு வைக்கத்தான் மறந்துவிட்டார்கள். மூணு கிராமத்துப் பூச்சி அங்கே கூடி, வெளிச்சத்தில் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பக்கத்திலேயே இருக்கும் என் மச்சான் வயலில் ராத்தங்கும். மச்சான் மனு எழுதிக்கொண்டு போனான். “வெளக்கு வேணும்னு மனு குடுத்தவங்க நானூறு பேரு. வேணாம்னு வந்தது நீங்க ஒருத்தர்தான்” என்று பி.ஏ. கணக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். பூச்சிக்கும் ஓட்டு இருந்திருந்தால் அண்ணனை எதிர்த்து நின்ற ஒருத்தருக்கும் டெபாசிட் தேறியிருக்காது.

நடுப்பக்கம் காவிரி. டெல்டாவில் யார் அறிக்கை எழுதினாலும் தண்ணீரில் கைவைக்காமல் முடியாது. மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. 2022-ல் மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு மே மாதத்தில் திறந்தது அதுதான் முதல் தடவை. 2024-ல் ஜூலை 28 வரை போயிற்று. போர்செட் உள்ளவன் கரன்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான், இல்லாதவன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். குடகில் மழை பெய்ய வேண்டும், கிருஷ்ணராஜசாகரும் கபினியும் நிரம்ப வேண்டும், 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன 177.25 டி.எம்.சி. பிலிகுண்டுலுவைத் தாண்ட வேண்டும், மேட்டூர் ஏற வேண்டும், கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிய வேண்டும், அப்புறம் கிளை வாய்க்கால் கிளை வாய்க்காலாக நகர்ந்து கடைமடைக்கு வர வேண்டும். இத்தனை தூரத்தில் எங்கள் அண்ணன் நிற்கும் இடம் ஒன்றே ஒன்று: கல்லணையின் மேல், அமைச்சருக்குப் பின்வரிசையில், கையில் பூவும் விதைநெல்லும். தூவினார். பொய்யில்லை, படம் இருக்கிறது.

“‘அண்ணனின் சீரிய முயற்சியால் காவிரி நீர்’னு தலைப்புப் போட்டுருங்க.”

“தம்பி, குடகுல பேஞ்ச மழைக்கு அண்ணன் என்ன முயற்சி எடுத்தாரு?”

“தண்ணி வராதப்ப அண்ணனாலதான் வரலைன்னு டீக்கடையில பேசுனாங்களே அய்யா. அப்ப திட்டு வாங்குனவரு இப்ப பேரு வாங்கக் கூடாதா?”

எனக்குப் பதில் வரவில்லை. தலைப்பு அப்படியே போயிற்று. அதன் கீழே தூர்வாரிய வாய்க்கால்களின் நீளம் கிலோமீட்டரில் இருந்தது. புள்ளிக்குப் பிறகு இரண்டு தானம் வேறு. அதையும் நான் தொடவில்லை. தண்ணீர் வருவதற்கு முந்தின வாரம் பொக்லைன் இறங்கும், அடுத்த வாரம் தண்ணீர் வந்து மூடிவிடும். தண்ணீருக்கடியில் இருப்பதற்கு எப்படிப் பிழை திருத்துவது?

சட்டமன்றப் பணிகள் என்று ஒரு கட்டம். அண்ணன் கேட்ட கேள்வி எல்லாம் ‘அரசு ஆவன செய்யுமா?’ என்று முடிந்தன. வந்த பதில்கள் ‘ஆவன செய்யப்படும்’, இல்லையென்றால் ‘நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்’. ஆவன என்பது பலவின்பால். ஆகக்கூடியவை என்று பொருள். ஆகாதவற்றைப் பற்றிக் கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை. இலக்கணப்படி இரண்டு தரப்பும் சுத்தம். இந்தச் சொல்லுக்கு வகுப்பில் எடுத்துக்காட்டு தேடி எத்தனை வருஷம் திண்டாடியிருப்பேன்!

2022 ஆகஸ்டில் முதலமைச்சர் 234 எம்.எல்.ஏ.க்களுக்கும் கடிதம் எழுதி, தொகுதியின் முக்கியமான பத்துக் கோரிக்கைகளைப் பட்டியல் போட்டுத் தரச் சொன்னார். பத்து! எங்கள் தெருவுக்கே பதினாறு தேறும். எங்கள் ஊரில் அரசமரத்தடியில் உட்கார்ந்து பேசினோம். முதல் கோரிக்கை பாலம் என்று எழுதியாயிற்று. இரண்டாவதும் பாலம். ஒரே பாலம்தான், எதிர்க்கரைக்காரர்கள் தனியாகக் கேட்டது. ஒன்றாக எழுதலாமே என்றதற்கு, “அவங்க கேட்டு வந்த பாலத்துல நாங்க எப்படி நடக்குறது?” என்றார்கள்.

இந்தக் காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது பெரிய கோயில் ஞாபகம் வந்தது. அறிக்கை எழுத மாதிரி வேண்டுமென்றால் பக்கத்திலேயே கல்லில் கிடக்கிறது என்று பி.ஏ.விடம் சொன்னேன். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ராஜராஜன், தான் கொடுத்தது, அக்கா குந்தவை கொடுத்தது, மனைவிமார் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது என்று பிரித்துப் பிரித்து வெட்டச் சொன்னான். அடுத்தவர் கொடுத்ததைத் தன் கணக்கில் ஏற்றிக்கொள்ளவில்லை. விமானத்தின் உச்சிக் குடத்துக்குச் செம்பு 3,083 பலம் என்று எடை வேறு. தளிச்சேரிப் பெண்கள் 400 பேருக்கு ஆளுக்கு வருஷம் நூறு கலம் நெல். அதற்கு ஒவ்வொருத்தி பெயரும், எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்கிற விவரமும் சுவரில் இருக்கிறது. பயனாளிகள் பட்டியல் என்றால் அது.

பி.ஏ. பொறுமையாகக் கேட்டார். “ராஜராஜனுக்கு எலெக்‌ஷன் இல்ல அய்யா. நாம கதவு நம்பர் போட்டா, அடுத்த கதவுக்காரன் எனக்கு ஏன் இல்லைன்னு காலையில வாசல்ல வந்து நிப்பான்.” ‘ஏராளமான பயனாளிகள்’ என்று எழுதிக்கொண்டோம்.

அன்றைக்கு அவர் தன் டைரியைத் திண்ணையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். சிவப்பு அட்டை, முதுகில் செலோடேப். அடுத்தவர் டைரியைப் படிக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன்தான் நான். ஆனால் பென்ஷன் வாங்கியாயிற்று. பிரித்தேன்.

ஆவணி மாசத்து ஞாயிறு ஒன்று. முகூர்த்த நாள். காலை நாலரைக்கு ஆரம்பித்து ஒரே நாளில் பதினாலு கல்யாணம், மூணு காதுகுத்து, ஒரு புதுமனை புகுவிழா, இரண்டு துக்கம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பொடி எழுத்தில் குறிப்பு. ‘பொண்ணு வீடு நம்மாளு. மாப்பிள்ளை வீடு எதிர்க்கட்சி. ரெண்டு பக்கமும் நின்று போட்டோ.’ ‘சாப்பிடாமல் போகிறார் என்று கோபம். இலையில் உட்கார்ந்து பாயசம் மட்டும்.’ ‘ஆறாவது கல்யாணத்திலும் பாயசம். அண்ணனுக்கு சுகர் மாத்திரை.’ மத்தியானம் மூணு மணிக்கு: ‘மேலத்தெரு கிழவி. மகன் சிங்கப்பூர், வர ரெண்டு நாள். ஐஸ் பெட்டிக்கு அண்ணன் சொல்லி ஏற்பாடு.’ ராத்திரி பதினொன்று இருபதுக்கு: ‘ஆஸ்பத்திரி, பிரசவம். பி நெகட்டிவ் ரத்தம். நம்ம பசங்க ரெண்டு பேர் அனுப்பியாச்சு.’ அதற்குக் கீழே, வேறு பேனாவில்: ‘பெண் குழந்தை. நலம்.’

விடிகிறவரை படித்தேன். மறுநாள் டைரியைத் தேடிக்கொண்டு வந்தவரிடம், “தம்பி, இதை அப்படியே அச்சடிங்க. படமே வேணாம்” என்றேன்.

பதறிப்போய்விட்டார். “இதெல்லாம் சாதனையா அய்யா? இது எம்.எல்.ஏ. வேலையே இல்லைன்னு படிச்சவங்க பேசுறாங்க. அதோட, அன்னைக்கு பதினஞ்சாவதா ஒரு கல்யாணம் இருந்துச்சு. போக முடியலை. இதைப் போட்டா அவங்களுக்குத் தெரிஞ்சுபோயிரும்.”

படித்தவர்கள் சொல்வது சரிதான். சட்டம் செய்யத்தான் ஆளை அனுப்புகிறோம். 1957-ல் குளித்தலையிலிருந்து முதல் தடவையாகப் பேரவைக்குப் போன மு. கருணாநிதி, கன்னிப்பேச்சில் எடுத்தது நங்கவரம் விவசாயிகளின் பிரச்சினையை; அடுத்த தேர்தலில், 1962-ல், எங்கள் தஞ்சாவூரிலிருந்து போனார். நிழற்குடையில் பெயர் எழுதத் தொகுதி நிதி இல்லாத காலம் அது. பேச்சு ஒன்றுதான் கையில். ஆனால் எந்த மசோதாவில் அண்ணன் என்ன பேசினார் என்று விசாரித்துவிட்டு ஓட்டுப் போட்ட ஒருத்தரையும் எங்கள் ஊரில் நான் கண்டதில்லை. ‘எங்கப்பா காரியத்துக்கு வந்தாரா?’ என்பதுதான் கேள்வி. அதற்கு அண்ணன் உயிரைக் கொடுத்துச் செய்த பதில் டைரியில் இருக்கிறது. மலரில் குடகு மலை இருக்கிறது.

மலர் வெளியீட்டு விழாவுக்கு ஐப்பசியில் தேதி குறித்தார்கள். பந்தலும் பிளெக்ஸும் முந்தின நாளே தயார். குறுவை அறுவடை முடிந்து கொள்முதல் நிலையத்து வாசலில் நெல் அம்பாரம் அம்பாரமாகக் கிடந்தது. என் அறுபது மூட்டையும் அதில் அடக்கம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் வாங்கக் கூடாது என்பது விதி. தளர்த்த வேண்டுமென்றால் டெல்லி மனசு வைக்க வேண்டும். ஐப்பசி மழைக்கு டெல்லியைத் தெரியாது. ராத்திரி ஒன்பது மணிக்குப் பிடித்துக்கொண்டது. இருந்த படுதா பாதி அம்பாரத்துக்குத்தான் காணும்.

“பந்தல்ல பிளெக்ஸ் இருக்குல்ல?” என்று இருட்டில் ஒரு குரல். யார் குரல் என்று இன்றைக்கு வரைக்கும் ஒருத்தரும் சொல்லவில்லை. பத்து நிமிஷத்தில் அண்ணன் அம்பாரத்தின் மேல் ஏறினார். கவிழ்த்துப் போடுவதா மல்லாக்கப் போடுவதா என்று மழையில் நனைந்துகொண்டே ஒரு விவாதம். கவிழ்த்தால் மரியாதையாக இருக்காது என்று லோடுமேன் ஒருவர் தீர்ப்புச் சொன்னார்.

காலை ஆறரைக்கு அண்ணனே வந்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். அம்பாரத்தின் மேல் தானே கை கூப்பிப் படுத்திருப்பதைப் பார்த்து நின்றார். நெற்றியில் தேங்கிய தண்ணீரை ஒருத்தர் விளக்குமாற்றால் தள்ளிக்கொண்டிருந்தார். அண்ணனைக் கண்டதும் அப்படியே நிறுத்திவிட்டார்.

“தள்ளுங்க, தள்ளுங்க. உள்ள எறங்கிடப்போவுது” என்றார் அண்ணன்.

பிறகு ஓரத்தைத் தூக்கி நெல்லுக்குள் முழங்கைவரை கையை விட்டுப் பார்த்தார். சூடு ஏறியிருந்தது. அங்கேயே நின்று யார் யாருக்கோ போன் போட்டார். பத்து மணிக்குள் இரண்டு தூற்றுகிற மிஷின் வந்தது.

பி.ஏ. மட்டும் என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார். “அய்யா, மலர் இன்னும் மெஷின்ல ஏறலை. ஒரு வரி சேர்க்கணும். ‘நெல்மணிகளை மழையிலிருந்து காக்கப் படுதாக்கள் வழங்கினார்.’ எத்தனைன்னு எண்ணிச் சொல்லிருங்க.”

எண்ணினேன். ஏழு. கிழிந்துபோனது ஒன்று, அதையும் சேர்த்தால் எட்டு.

“கிழிஞ்சது யாரு அய்யா? தலைவரா, அண்ணனா?” என்றார் தணிந்த குரலில்.

“அண்ணன்தான்.”

“அப்ப சேர்த்துக்குங்க.”