ஒலுவில் வரை வந்த கம்பி

1990களின் தொடக்கத்தில் சாய்ந்தமருதிலிருந்து பேராதனைக்குப் போவதென்றால் சுபஹுத் தொழுத கையோடு அம்பாறைக்குப் போய், அங்கிருந்து மஹஓயா, மஹியங்கனை வழியாகக் கண்டியைப் பிடிக்க வேண்டும். யுத்தக் காலம். எத்தனை இடத்தில் பஸ்ஸை விட்டிறங்கி அடையாள அட்டையை நீட்டினோம் என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. தெற்கின் கலவரத்தால் பல்கலைக்கழகங்கள் வருடக்கணக்கில் மூடிக் கிடந்ததில் எங்கள் பிரிவே பிந்தித்தான் உள்ளே போனது. போய்ச் சேர்ந்தேன் என்று எழுதிய கடிதம் உம்மாவின் கைக்குக் கிடைப்பதற்குள் அடுத்த கடிதத்தை எழுதியிருப்பேன்.

ஈமெயில் என்ற ஒன்றை நான் முதன்முதலில் பார்த்தது அங்கேதான். விரிவுரையாளர் ஒருவர் கறுப்புத் திரையில் வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவருக்கு நாலு வரி தட்டினார். படமில்லை, நிறமில்லை. தட்டிய மடல் உடனே போகவும் இல்லை. மற்றவர்களின் மடல்களோடு சேர்ந்து காத்திருந்து, தொலைபேசி இணைப்புக் கிடைக்கும் நேரத்தில் கட்டாகப் போகும். பதிலும் அப்படியே கட்டாக வரும். இரண்டொரு நாளில் பதில் வந்துவிட்டது என்று அவர் சொன்னபோது நாங்கள் நம்பவில்லை. எங்கள் ஊர்க் கடிதம் அதற்குள் மஹியங்கனையைக்கூடத் தாண்டியிராது.

அந்த ஏற்பாட்டின் பெயர் லேர்ன். இலங்கையின் கல்வி, ஆய்வு வலையமைப்பு. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அபய இந்துருவ முன்னின்று தொடங்கியது. நாட்டில் பொதுமக்களுக்கு இணையச் சேவை விற்பனைக்கு வந்தது 1995இல்தான். அதற்கு முன்பே பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் பேசத் தொடங்கியிருந்தன. 2014இல் சர்வதேச இணையப் புகழ் மண்டபத்தில் இந்துருவவின் பெயர் சேர்ந்தது. ஐரோப்பிய ஆய்வு வலைகளை ஒன்றாகக் கோத்த டாய் டேவிஸின் பெயரும் அதே வருடப் பட்டியலில் இருக்கிறது. இந்த நாட்டுப் பிள்ளைகள் எத்தனை பேருக்கு அந்தப் பேராசிரியரைத் தெரியும்? பாடப்புத்தகத்தில் இடம்பெற வேண்டிய மனிதர் அவர் என்பது என் எண்ணம்.

நான் பட்டம் முடித்து ஊர் திரும்பி விஞ்ஞான ஆசிரியரானேன். அதே 1995இல் அட்டாளைச்சேனையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. அடுத்த வருடம் பல்கலைக்கழகமாகி, பின்னர் ஒலுவிலுக்குப் போனது. யுத்தத்தால் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் படிக்க முடியாமல் தவித்த பிள்ளைகளுக்காக அப்போதைய அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரப் நின்று பெற்றுத் தந்தது அது. வயலுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு கம்பஸ் எழுந்ததைப் பார்க்க ஊர் ஊராக வேன் பிடித்துப் போனோம். லேர்ன் வலையும் அங்கே வந்தது. வெளியே எங்களுக்கு இருந்ததெல்லாம் கல்முனையின் கொமினிகேசன் கடைகள்தான். சவூதியிலும் கத்தாரிலும் இருக்கிற பிள்ளைகளின் அழைப்புக்காகத் தாய்மார் வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்து அறையில் மணிக்கணக்குக்குக் காசு கட்டி இணையம் பார்க்கலாம்.

இன்று நிலைமை வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு ஆசிய நாடுகளை ஐரோப்பாவின் ஜியான்ட் வலையோடு சேர்த்த டெயின் திட்டத்தில் இலங்கையும் இணைந்தது. டச்சுக்காரர்கள் 2002இல் யோசித்த எடுரோம் ஏற்பாடும் இங்கே வந்துவிட்டது: ஒரு பல்கலைக்கழகத்தின் கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு உலகத்தில் எந்த உறுப்புப் பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் தொலைபேசி தானாக இணைந்துகொள்ளும். வேலியே மறிக்காத வலை என்று நினைக்கத் தோன்றும். அந்த வேலி எங்கே நிற்கிறது என்பதை 2020இல் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பார்த்தேன்.

கொரோனாவில் எல்லாம் மூடிய நேரம். மகள் கம்பஸில், மகன் சாதாரண தரத்துக்குப் படிக்கிறான். வீட்டில் உருப்படியான தொலைபேசி ஒன்றுதான். அதைச் சீனி டின்னில் சாய்த்து வைத்து, காலையில் மகள் சூமில் விரிவுரை கேட்பாள். லேர்ன் தன் சேவையகங்களில் சூம் வகுப்புகளை நடத்தியது. தொலைபேசிக் கம்பனிகள் அதற்கு டேட்டாக் காசு வெட்டாமல் விட்டன. பெரிய காரியம் அது. பணக்கார நாடுகள் பலவே செய்யாததை இந்தச் சிறிய நாடு சில வாரத்தில் செய்தது; எத்தனையோ ஏழை மாணவர்களின் படிப்பு அதனால் தப்பியது. பகலுக்குப் பிறகு அதே தொலைபேசி, அதே சீனி டின், மகனின் முறை. ஆசிரியர்கள் வாட்ஸ்அப்பில் போடும் குரல்பதிவு, வீடியோ, பயிற்சித்தாள் படம். இரண்டு பாடம் முடிவதற்குள் டேட்டா தீர்ந்துவிடும்.

"வாப்பா, ரீலோட் ஒண்டு போடுங்க."

"நேத்துத்தானே மகன் போட்டேன்."

"ராத்தா காலையில இருந்து பாத்தா. அவக்குக் காசு வெட்டல்ல. எனக்கு மட்டும் ஏன் வெட்டுறானுகள்?"

மகள் விளக்கிச் சொன்னாள்: அது கம்பஸ் வலை, பாடசாலைக்கு இல்லை. அவன் அதோடு விட்டான். நான் விடவில்லை. அவனுக்கு அந்தக் குரல்பதிவுகளை அனுப்புகிறவர்களில் நானும் ஒருவன். என் வகுப்புப் பிள்ளைகளில் கடலுக்குப் போகிறவரின் மகன் இருந்தான், மருதமுனையில் கைத்தறி நெய்கிறவரின் பேத்தி இருந்தாள். நான் ஒரு வீடியோ அனுப்பும் ஒவ்வொரு முறையும் அந்த வீடுகளில் யாரோ ஒருவர் காசு கட்ட வேண்டியிருந்தது. தொடர்பில்லாமல் போன பிள்ளைகளின் பெயர்கள் வகுப்புக் குழுவில் அப்படியே இருந்தன; பதில்தான் வரவில்லை.

ஐரோப்பாவில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று அப்போதுதான் தேடிப் படித்தேன். அங்கே எல்லா நாடும் ஒரே மாதிரி இல்லை. ஒவ்வொரு நாட்டு ஆய்வு வலையும் யாரை இணைக்கிறது என்று கேட்டுத் தொகுப்பறிக்கை வெளியிடும் நல்ல வழக்கம் அவர்களுக்கு உண்டு. ஜெர்மனியின் வலை பெரும்பாலும் பல்கலைக்கழகங்களோடும் ஆய்வு நிலையங்களோடும் நிற்கிறது. அயர்லாந்தின் வலை பாடசாலைகளுக்கும் போகிறது. என்னை நிறுத்தி வைத்தது குரோஷியா. கார்நெட் என்ற அவர்களுடைய வலை தொடங்கியது 1991இல், நாடு யுத்தத்தில் எரிந்துகொண்டிருந்த வருடம். அடுத்த வருடமே வியன்னா வழியாக வெளியுலகத்தோடு இணைந்துவிட்டார்கள். பல்கலைக்கழகங்களுக்காகப் பிறந்த அந்த வலை இன்று குரோஷியாவின் பாடசாலைகளையும் இணைக்கிறது. 2015இல் தொடங்கிய மின்பாடசாலைத் திட்டத்தில் வகுப்பறைகளுக்குள்ளேயே வலையைக் கொண்டுபோனார்கள். அவர்களும் ஷெல் சத்தம் கேட்டுத்தான் தொடங்கினார்கள், நாங்களும் அப்படித்தான்.

லேர்ன் உயர்கல்விக்காக அமைந்தது. அதன் உறுப்பினர்கள் கட்டும் பணத்துக்கும் அதன் பொறியியலாளர்களின் உழைப்புக்கும் எல்லை உண்டு என்று சொல்வார்கள். சரிதான். பாடசாலைகள் வேறு நிர்வாகத்தின் கீழ், அதுவும் சரி. ஆனால் வலையை முதலில் இவ்வளவு தூரம் கொண்டுவரும் செலவை நாடு ஏற்கெனவே செய்துவிட்டது. தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலிலும் இருக்கிறது, அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையிலும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிந்தவூர், காரைதீவு. கொஞ்சம் வடக்கே சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை. முஸ்லிம் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் அடுத்தடுத்த ஊரில் ஒரே பரீட்சைக்குப் படிக்கிற கரை இது.

எல்லாப் பாடசாலையையும் ஒரே நாளில் கேட்கவில்லை. ஊருக்கு ஒரு பாடசாலை, அங்கே ஒரு கணினி அறை, பின்நேரத்தில் சுற்றுவட்டாரப் பிள்ளைகள் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும். தமிழ் ஊரான காரைதீவிலும் ஒன்று கட்டாயம். இதை எழுதி வைத்திருக்கிறேன். வரும் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் வாசித்து, பெற்றோரின் கையொப்பம் வாங்கி, ஒரு பிரதியை வலயக் கல்விப் பணிப்பாளருக்கும் இன்னொன்றை ஒலுவிலில் உபவேந்தருக்கும் நானே நேரில் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன்.