சவிட்டு, பிடி, விடு

கருங்கலில் ஒர்க்‌ஷாப்புக்குப் பஞ்சமில்லை. இருந்தும் தன் காரில் அடுத்தவன் ஸ்பானர் வைக்கச் சம்மதிக்காத ஒருவர் தெருவுக்குத் தெரு உண்டு. வளைகுடாவில் பாதி ஆயுளைக் கழித்துத் திரும்பியவர். அங்கே என்ன வேலை பார்த்தார் என்று மட்டும் கேட்கக் கூடாது. "நாம பாக்காத வண்டியா டே!" என்பதுதான் பதில்.

இடவப்பாதி மழையில் மார்த்தாண்டம் ரோட்டில் ஒருநாள் அழுத்தி பிரேக் போடுகிறார். பெடல் காலுக்கடியில் கிடுகிடுவென உதறுகிறது. உண்மையில் ஏபிஎஸ் தன் வேலையைச் செய்கிறது: சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காதபடி, பிரேக் அழுத்தத்தை நொடிக்குப் பலமுறை குறைத்துக் கூட்டுகிறது. இவருக்கோ அது கோளாறு. நன்றாயிருந்த பிரேக்குக்கு அன்றே வைத்தியம் முடிவாகிவிடும்.

ஞாயிறு பூசை முடிந்து லுங்கிக்கு மாறினால், மனைவி மீன்சட்டியை இறக்கிவிட்டு டிரைவர் சீட்டுக்கு வர வேண்டும்.

"சவிட்டு!"

"சவிட்டியாச்சு."

"பிடிச்சுக்கோ, விட்டுராத!"

பிரேக்கில் காற்றெடுக்கும் நிப்பிளைத் திறக்கிறார். குமிழும் ஆயிலுமாகக் குழாய் வழியே பாட்டிலில் இறங்குகிறது. மூடிவிட்டு, "இனி விடு."

"இன்னும் எத்தற தடவ? எனக்கு அடுப்புல சோலி கெடக்கு."

"காத்து போற வர."

அம்பாசிடர் காலத்தில் இது போதும். போஷ் நிறுவனத்தின் ஏபிஎஸ் 1978இல் பென்ஸ் காரில் வந்தது. 2011இல் ஓசூர் டிவிஎஸ்ஸின் அப்பாச்சி பைக்கிலேயே ஏறிவிட்டது. 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் புதிய கார்களுக்கெல்லாம் கட்டாயம். இவருடைய கைப்பழக்கம் மட்டும் அம்பாசிடரோடு நின்றுவிட்டது.

பிரேக் ஆயிலும் பரணில் போன வருடம் திறந்துவைத்த பாதி பாட்டில்தான். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட்-4 ஆயில் 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த எல்லை 155 வரை இறங்கிவிடும். வருடத்துக்கு இரண்டு மழைக்காலம் காணும் ஊரில் பாதி பாட்டிலைச் சேமிப்பது சிக்கனமே அல்ல.

விபரீதம் பக்கத்து வீட்டுக்காரர் வடிவில் வரும். அவருக்கு துபாய்க் கதை சொல்லும் நேரத்தில் மேலே ஆயில் டப்பா வற்றி, காற்று ஏபிஎஸ் யூனிட்டுக்குள் புகுந்துவிடும். உள்ளே சில வால்வுகள் சாதாரணமாக மூடியே கிடப்பவை. அங்கே ஒளிந்த காற்று எவ்வளவு சவிட்டினாலும் வராது. ஸ்கேனர் மாட்டி, யூனிட்டின் பம்பையும் வால்வுகளையும் இயக்கித்தான் பெரும்பாலும் எடுக்க வேண்டும். இருட்டியபின் ரிக்கவரி வண்டியில் கார் மார்த்தாண்டம் போகும். அங்குள்ள பையனிடம், "வேலையெல்லாம் நான் முடிச்சாச்சு மக்கா, நீ ஸ்கேனர் மட்டும் போடு."

ஒன்றில் மட்டும் அவரை மெச்சத்தான் வேண்டும். ஏபிஎஸ் விளக்கு எரிந்தால் முதலில் சக்கரத்து சென்சாரில் சேறு படிந்திருக்கிறதா, வயரை எலி கடித்திருக்கிறதா என்று பார்ப்பார். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷோடு முடிந்த கேஸ்களும் உண்டு.

மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் பொதுவாக வேலை செய்யும். நிதானமாக ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போகலாம். சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால், அவரே வந்து தைரியம் சொன்னாலும் வண்டியை முற்றத்திலிருந்து இறக்காதீர்கள்.