பை எங்கேம்மா?

கழுத்தில் தொங்கும் அட்டை, நூலில் பேனா கட்டிய பதிவேடு, ஒரு சைஸ் பெரிதான டீ-சர்ட். சர்க்கரை நோய் மாநாட்டுத் தன்னார்வலரை இவற்றை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். திருப்பதியில் மாநாடு என்றால், சத்தியவேடு, தடா பக்கத்திலிருந்து நர்சிங்கோ உணவியலோ படிக்க வந்த பெண்தான் அமைப்பாளர்களுக்கு வசதி. தமிழும் தெலுங்கும் பேசுவாள், சம்பளம் கேட்கமாட்டாள்.

அப்பாவுக்கு ஸ்ரீசிட்டி சாக்லேட் தொழிற்சாலையில் ஷிப்டு. ஊரின் சர்க்கரையை ஏற்றும் பொறுப்பு அவருடையது, இறக்கப் படிப்பவள் மகள்.

முதல் நாள் இரவு கண் விழித்துப் படித்திருப்பாள். 1921-ல் டொரன்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தது, அடுத்த ஜனவரியில் 14 வயது லியனார்ட் தாம்சனுக்குப் போட்ட முதல் ஊசி, 1948-ல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விஸ்வநாதன் தொடங்கிய நீரிழிவு மருத்துவப் பிரிவு, இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை என்று 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, எல்லாம் நாக்கு நுனியில் நிற்கும். பெரிய டாக்டர் யாராவது கேட்டால் அசத்திவிட வேண்டும்.

பெரிய டாக்டர் வருவார், கேட்பார்: "ஏம்மா, பை எங்கே தர்றாங்க?"

பைக்குள் ஒரு நோட்டு, ஒரு பேனா, பத்து மருந்து விளம்பரம். ஆனாலும் வராத நண்பருக்கு ஒன்று, வந்தும் உள்ளே வராத மனைவிக்கு ஒன்று என்று கேட்பு நீளும். அடுத்த கேள்வி கையெழுத்து எங்கே போடுவது என்பது. மூன்றாவதைக் குரலைத் தணித்துக் கேட்பார்கள்: "தரிசனத்துக்கு ஏதாவது ஏற்பாடு உண்டா?"

"அலிபிரியிலேர்ந்து நடந்தே போயிடலாம் சார், 3,550 படிதான்" என்பாள் இவள் வெள்ளந்தியாக. தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்லி அப்போதுதான் ஸ்லைடு காட்டி முடித்தவர், கார் கிடைக்குமா என்பார்.

மேடைக்குக் கீழே உட்கார்ந்து 'இன்னும் இரண்டு நிமிடம்' அட்டையைக் காட்டுவதும் இவள் வேலைதான். பேச்சாளரின் பார்வை அரங்கம் முழுக்கச் சுற்றும், அந்த அட்டையை மட்டும் தாண்டிப் போகும்.

இவளுடைய உண்மையான படிப்பு வாசலில் போட்ட இலவசப் பரிசோதனை மேஜையில்தான் நடக்கிறது. எந்தப் பாடப்புத்தகமும் இந்தப் பகுதிக்குத் தயார் செய்வதில்லை.

"சாப்பிட்டீங்களா தாத்தா?"

"வெறும் வயிறும்மா."

"டீ?"

"டீ குடிச்சேன்."

"சர்க்கரை போட்டா?"

"போடாம அது டீயா?"

"வேற?"

"ரெண்டு இட்லி. அது டிபன். சாப்பாட்டைத்தானே கேட்ட?"

விரலில் குத்துவாள். மீட்டர் 286 காட்டும். தாத்தா அந்த எண்ணைக் கண்ணாடியைக் கழற்றிப் பார்ப்பார், போட்டுக்கொண்டு பார்ப்பார். பிறகு இன்னொரு கையை நீட்டுவார்: "இதுல பாரு பாப்பா. அந்தக் கையில எனக்கு எப்பவுமே கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கும்."

இவள் சிரிக்கமாட்டாள். சிரித்தால் அவர் அடுத்த வருஷம் வரமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். நிதானமாக ஒரு தாளில் அரசு ஆஸ்பத்திரிக்கு வழி எழுதி, வெறும் வயிறு என்றால் தண்ணீர் மட்டும்தான் என்று அடிக்கோடிட்டுக் கொடுப்பாள். அந்த வளாகத்தில் நடக்கும் வைத்தியத்தில் எனக்கு நம்பிக்கை வருவது இதில்தான்.

சாயங்காலம் நிறைவு விழாவுக்குக் கூட்டம் மலையிலிருந்து இறங்கி வரும். காலையில் கையெழுத்துப் போட்ட டாக்டர் நெற்றியில் நாமம், கையில் மாநாட்டுப் பை, பைக்குள் லட்டு. பாதியைப் பிட்டு இவள் கையில் வைப்பார்.

"சாப்பிடும்மா, பிரசாதம். கணக்குல வராது."

"சார், முழு லட்டு 175 கிராம்."

"அதனாலதான் பாதி உனக்கு."