எத்தனை பேரில்?

வாசகி, திருச்சி: 'இந்த மாத்திரையால் ஆபத்து இரட்டிப்பு' என்று செய்தி வந்தால் பயப்பட வேண்டாமா?

எதன் இரட்டிப்பு என்று கேட்டுவிட்டு அப்புறம் பயப்படலாம். 1995-ல் பிரிட்டனில் அரசுத் தரப்பே இப்படி எச்சரித்தது: புதுவகைக் கருத்தடை மாத்திரைகளால் ரத்தம் உறையும் ஆபத்து இரு மடங்காம். 7,000 பெண்களில் ஒருவருக்கு வந்துகொண்டிருந்தது இருவருக்கு வந்தது, அவ்வளவே. பதறிப்போய்ப் பலர் மாத்திரையை விட்டார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் சுமார் 13,000 கூடியதாக மதிப்பிட்டார்கள். கர்ப்ப காலத்தில் ரத்தம் உறையும் ஆபத்து, அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம் என்பதுதான் கொடுமை.

ஊழியர், சென்னை: எங்கள் கம்பெனியில் சராசரிச் சம்பளம் 60,000 என்கிறார்கள். எனக்குத் தெரிந்த யாருமே அவ்வளவு வாங்கவில்லையே?

முதலாளியையும் சேர்த்துக் கூட்டியிருப்பார்கள். சம்பளப் பட்டியலை வரிசைப்படுத்தினால் நட்டநடுவில் நிற்பவர் என்ன வாங்குகிறார் என்று கேட்டுப் பாருங்கள். சொல்ல மாட்டார்கள்.

ஆய்வு மாணவர், கோவை: பி-மதிப்பு 0.05-க்குக் கீழே வந்துவிட்டது. இனி என் கருதுகோள் 95 சதவீதம் உண்மைதானே?

இல்லை. விளைவே இல்லாத இடத்திலும் இவ்வளவு வித்தியாசமோ இதைவிட அதிகமோ தற்செயலாகத் தென்பட எவ்வளவு வாய்ப்பு என்பதை மட்டுமே அது சொல்கிறது. சரி, எத்தனையாவது சோதனையில் வந்தது? ஒன்றுமே இல்லாத இருபது விஷயங்களைச் சோதித்தாலும் சராசரியாக ஒன்று அப்படி வரும்.

2009-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் அறிவித்த கூத்தைக் கேளுங்கள். செத்த சால்மன் மீனை எம்ஆர்ஐ கருவிக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, 'இவர் மனநிலை என்ன?' என்று கேட்டிருக்கிறார்கள். மூளையில் ஆயிரக்கணக்கான புள்ளிகளைத் தனித்தனியே சோதித்ததில் சில இடங்களில் 'செயல்பாடு' தெரிந்தது! அத்தனை சோதனைகளையும் கணக்கில் எடுத்துத் திருத்தியதும் மீன் மறுபடி செத்துப்போனது. 2012-ல் இக்நோபல் என்ற கேலிப் பரிசும் கிடைத்தது. ஆய்வேட்டில் ஒத்துவராத சோதனைகளையும் எழுதுங்கள். கைடு முறைத்தால் மீன் கதையைச் சொல்லுங்கள்.

வாசகர், மதுரை: ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். தேர்தல் கணிப்புக்கு லட்சக்கணக்கானோரைக் கேட்டால் தப்புமா?

ஒரே கொதியில் வெந்த சோற்றுக்குத்தான் அந்தக் கதை. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை ஒரு கோடிச் சீட்டுகள் அனுப்பியது. 20 லட்சத்துக்கு மேல் திரும்பின. ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன்தான் ஜெயிப்பார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளினார். முகவரிகள் பெரும்பாலும் டெலிபோன் பட்டியலிலும் கார் பதிவேட்டிலும் எடுத்தவை. அந்தப் பொருளாதார மந்த காலத்தில் அவை யார் வீட்டில் இருந்திருக்கும்? பதிலே போடாத முக்கால்வாசிப் பேர் இன்னொரு பெரிய ஓட்டை. மிகக் குறைவானவர்களைக் கேட்ட கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் காலப், ஜெயிப்பவரைச் சரியாகச் சொன்னார். டைஜஸ்ட் 1938-ல் மூடுவிழா கண்டது.

பெற்றோர், நாமக்கல்: கோச்சிங் சென்டரில் 'நூறு சதவீதத் தேர்ச்சி' என்கிறார்களே?

நடுவில் நின்றவர்களும் நிறுத்தப்பட்டவர்களும் அந்த நூறில் உண்டா? ஜூனில் சேர்ந்தவர் எத்தனை, தேர்வு எழுதியவர் எத்தனை என்று கேட்டுவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள்.