முழங்காலுக்குக் கீழே

தமிழ்நாட்டுப் போலீஸ் துப்பாக்கிக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. வேண்டிய இடத்தில் இருக்காது. வேண்டாத இடத்தில் குறி தப்பாது.

2020 ஜனவரி 8 இரவு, களியக்காவிளை சோதனைச் சாவடியில் காவலுக்கு நின்ற சிறப்பு உதவி ஆய்வாளர் (எஸ்.எஸ்.ஐ.) சுட்டுக் கொல்லப்பட்டார். 2021 நவம்பரில் இன்னொரு எஸ்.எஸ்.ஐ., ஆடு திருடிக்கொண்டு ஓடியவர்களை நடுராத்திரியில் தன்னந்தனியாக பைக்கில் விரட்டிப் போய், புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் பக்கத்தில் வெட்டுப்பட்டுச் செத்தார். அப்போது டி.ஜி.பி.யாக இருந்த சைலேந்திர பாபு, ரோந்து போகிறவர்கள் துப்பாக்கி எடுத்துப் போங்கள், உயிருக்கு ஆபத்தென்றால் பயன்படுத்தத் தயங்காதீர்கள் என்றார். தொலைக்காட்சிகளில் ஒரு வாரம் விவாதம். போலீசுக்குத் துப்பாக்கி வேண்டுமா, வேண்டாமா? ஓய்வுபெற்ற அதிகாரிகள் நான்கு பேர் நான்கு ஜன்னலில் உட்கார்ந்து கத்தினார்கள். பிறகு ஆடு செத்த செய்தியோ ஆள் செத்த செய்தியோ வேறொன்று வந்தது. விவாதம் கலைந்தது.

2025 ஆகஸ்ட். உடுமலைக்கு அருகே குடிமங்கலம். ஒரு தோட்டத்தில் அப்பாவுக்கும் மகனுக்கும் தகராறு என்று தகவல் வருகிறது. ராத்திரியில் விலக்கப் போன எஸ்.எஸ்.ஐ. வெட்டிக் கொல்லப்படுகிறார். கான்ஸ்டபிளாகச் சேர்ந்து இருபது வருஷத்துக்கு மேல் லத்தி பிடித்தால்தான் இந்த ஊரில் எஸ்.எஸ்.ஐ. ஆக முடியும். பேரன் பேத்தி எடுக்கிற வயதில், அரிவாள் இருக்கிற வீட்டுக்கு அவரைப் பஞ்சாயத்துக்கு அனுப்புகிறது அரசு. 2021-ல் சொன்ன அறிவுரை அந்த நான்கு வருஷமாக எந்த பீரோவில் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

துப்பாக்கி வராமல் போகவில்லை. வந்தது. அவர் இறந்து இரண்டு நாள் ஆவதற்குள், பிடிபட்ட ஆளை ஆயுதத்தைக் காட்டச் சொல்லி அழைத்துப் போன இடத்தில் வந்தது. ஆள் போலீசைத் தாக்கினாராம். தற்காப்புக்காகச் சுட்டார்களாம். கதை முடிந்தது.

இந்தக் கதையை எழுதுகிறவர் யாரென்று தெரியவில்லை. ரொம்ப காலமாக ஒரே ஆள்தான் எழுதுகிறார் போலிருக்கிறது. காலம்: விடியற்காலை. இடம்: ஆள் நடமாட்டம் இல்லாத புதர். காரணம்: ஆயுதம் பறிமுதல். ஸ்டேஷனில் உடைகளைக் களைந்து அங்குலம் அங்குலமாகச் சோதனை போட்ட அதே ஆள், புதருக்குள் கை விட்டதும் நாட்டுத் துப்பாக்கியோ அரிவாளோ எடுப்பார். போலீசுக்கு இடது கையில் காயம். எப்போதும் இடது கை. வலது கை சுடுவதற்கு வேண்டும் அல்லவா? சுட்டவர் அரசு மருத்துவமனைக் கட்டிலில் கட்டோடு சாய்ந்திருப்பார். உயரதிகாரி குனிந்து நலம் விசாரிப்பார். பக்கத்து மேஜையில் ஆப்பிளும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் இருக்கும். போட்டோவில் பாட்டிலின் லேபிள்கூடத் தெளிவாகத் தெரியும். புதரில் நடந்ததற்கு மட்டும் போட்டோ கிடையாது.

2024 ஜூலையில் சென்னையில் ஆர்ம்ஸ்ட்ராங் கொலை. நகரத்தின் நடுவே ஒரு தேசியக் கட்சியின் மாநிலத் தலைவரை வெட்டிச் சாய்க்கிற அளவுக்கு உளவுத்துறை குறட்டை விட்டிருக்கிறது. அதற்கு யாராவது பதில் சொன்னார்களா? கமிஷனரை மாற்றினார்கள். புதிதாக வந்தவர், ரவுடிகளுக்குப் புரிகிற மொழியில் பேசுவோம் என்றார். ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள் சென்னையில் மூன்று என்கவுன்டர். அந்த மொழியில் மூன்று வாக்கியம். மூன்றிலும் ஒரே இலக்கணம்.

உச்ச நீதிமன்றம் 2014-லேயே இதற்கு 16 விதிமுறைகள் போட்டது. என்கவுன்டர் நடந்தால் எஃப்.ஐ.ஆர். போடு. சி.ஐ.டி.யோ வேறு ஸ்டேஷனோ விசாரிக்கட்டும். மாஜிஸ்திரேட் விசாரணை நடத்து. வீரம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபணம் ஆகாமல் பரிசும் பதவி உயர்வும் கொடுக்காதே. கடைசியாகச் சொன்ன விதியைப் படித்துப் பாருங்கள். நாட்டின் உச்ச நீதிமன்றம், ஆளைக் கொன்றவுடன் இனாம் கொடுக்காதீர்கள் என்று எழுத்தில் சொல்ல வேண்டியிருந்தது. வழக்கம் எப்படி இருந்திருக்க வேண்டும்!

போலீசை மட்டும் திட்டி என்ன பயன்? கைதட்டுவது நாம்தானே. 2019 டிசம்பர் 6 அன்று ஹைதராபாத் அருகே பாலியல் கொலை வழக்கில் நான்கு பேரை விடிகாலையில் அழைத்துப் போய்ச் சுட்டார்கள். ஜனங்கள் பூ தூவினார்கள். இனிப்பு ஊட்டினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம், போலீஸ் சொன்ன கதை நம்பத்தக்கதல்ல, 10 போலீஸ்காரர்கள் மீது கொலை வழக்கு நடத்த வேண்டும் என்றது. சுடப்பட்டவர்களில் மூன்று பேர் சிறுவர்கள் என்றும் சொன்னது. தூவிய பூவை யாரும் திரும்பப் பொறுக்கவில்லை.

நம் ஊரில் பூவுக்குப் பதில் மாவுக்கட்டு. கை காலில் கட்டுப் போட்டு வரிசையாகத் தரையில் உட்காரவைத்த பையன்களின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சிரிக்காத குடும்ப குரூப் உண்டா? எல்லோரும் பாத்ரூமில் வழுக்கி விழுந்தவர்கள். ஸ்டேஷன் பாத்ரூமில் குற்றவாளி மட்டும்தான் வழுக்கி விழுவாரா, போலீஸ்காரர் விழவே மாட்டாரா என்று உயர் நீதிமன்றமே கேட்டுவிட்டது. பொதுப்பணித் துறை இன்னும் பதில் சொல்லவில்லை.

ரவுடிதானே, போகட்டும் என்கிறீர்கள். சரி. அந்தத் துப்பாக்கி ரவுடியோடு நின்றதா? 2018 மே 22-க்கு வாருங்கள்.

தூத்துக்குடி. ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். காற்றில் விஷம் கலக்காதே என்று மனுக் கொடுக்கக் கலெக்டர் ஆபீசுக்கு நடந்த ஊர். வேன் மேல் ஏறிக் குறி பார்த்த மஞ்சள் டீ-சர்ட் ஆளை நாடே பார்த்தது. செத்தவர்கள் 13 பேர். அதில் ஒரு பள்ளி மாணவியும் உண்டு. கூட்டத்தைக் கலைக்கச் சுடுவதென்றால் முழங்காலுக்குக் கீழே சுட வேண்டும் என்று பயிற்சிக்கு வந்த முதல் மாதமே சொல்லித் தருவார்கள். செத்த 13 பேரில் 12 பேருக்குத் தலையிலோ மார்பிலோ குண்டு பாய்ந்திருந்ததாகவும், அவர்களில் பாதிப் பேர் பின்னாலிருந்து சுடப்பட்டதாகவும் பிரேதப் பரிசோதனை அறிக்கைகளைப் பார்த்து ராய்ட்டர்ஸ் எழுதியது. தூத்துக்குடிக்காரர்களுக்கு முழங்கால் முதுகுக்கு மேலே இருக்கிறது என்று நினைத்துவிட்டார்கள் போல.

சுட உத்தரவிட்டது யார்? துணை வட்டாட்சியர்கள் என்று காகிதம் சொல்கிறது. ஜாதிச் சான்றிதழுக்கு அலைந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், துணை வட்டாட்சியர் கையெழுத்து எத்தனை நாளில் கிடைக்கும் என்று. அன்று மட்டும் சுடச்சுடக் கிடைத்தது. போலீஸ் துறையையே கையில் வைத்திருந்த முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமியோ, டி.வி. பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்றார். துப்பாக்கிச் சூட்டை விசாரிக்க அமைத்த அருணா ஜெகதீசன் ஆணையம் அதைப் பின்னால் ஏற்கவில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் அவரைப் பாராட்ட வேண்டும். முதலமைச்சரும் நாமும் ஒரே நேரத்தில் ஒரே சேனலைப் பார்த்த சமத்துவம் அதற்கு முன் இந்த மாநிலத்தில் இருந்ததில்லை.

அடுத்து வந்தார் சூப்பர் ஸ்டார். சமூக விரோதிகள் புகுந்துவிட்டார்கள், எதற்கெடுத்தாலும் போராட்டம் என்றால் தமிழ்நாடு சுடுகாடாகிவிடும் என்றார். யார் அந்த சமூக விரோதிகள், வந்து சொல்லுங்கள் என்று ஆணையம் கூப்பிட்டது. நேரில் வந்தால் கூட்டம் கூடும், பொதுமக்களுக்கு இடைஞ்சல் என்று விலக்குக் கேட்டார். கூட்டம் கூடினால் என்ன நடக்கும் என்று தூத்துக்குடிக்குப் போய்ப் பார்த்தவர் அல்லவா, பயம் இருக்கத்தான் செய்யும். 2024-ல் அவரே என்கவுன்டர் போலீசாக நடித்து, என்கவுன்டர் தப்பு என்று ஒரு படத்தில் சொன்னார். டிக்கெட் வாங்கித் தெரிந்துகொண்டோம்.

ஆணையம் நாலு வருஷம் உட்கார்ந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகள். நீட்டிப்பு மேல் நீட்டிப்பு. நாற்காலி, கார், ஸ்டெனோ, டீ, பிஸ்கட் எல்லாம் நம் வரிப்பணம். தோட்டா வாங்கியதும் அதே பணம். செத்தவர் வீட்டுக்குக் கொடுத்ததும் அதே பணம். கொன்றதற்கும் நாமே கட்டி, ஏன் கொன்றாய் என்று கேட்டதற்கும் நாமே கட்டி, கொன்றதற்கு வருத்தம் தெரிவித்ததற்கும் நாமே கட்டினோம்.

அப்படியும் இந்த ஆணையம் ஒரு அதிசயம்தான். வழக்கமாக ஆணையம் என்பது சுட்டது சரிதான் என்று சொல்ல அமைப்பது. 1999-ல் திருநெல்வேலியில் மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் போனவர்களைத் தாமிரபரணிக்குள் விரட்டி அடித்து 17 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மூழ்கித்தான் இறந்தார்கள் என்றது ஆணையம். தண்ணீர் மேல் வழக்குப் போட முடியுமா? 2011-ல் பரமக்குடி. அங்கும் துப்பாக்கி, அங்கும் பிணம், அங்கும் சுட்டது தவிர்க்க முடியாதது என்று அறிக்கை. முதலாவது தி.மு.க. ஆட்சி, இரண்டாவது அ.தி.மு.க. ஆட்சி. தோட்டாவுக்குக் கொடி தெரியாது.

அருணா ஜெகதீசன் ஆணையம் மட்டும் எழுதியே விட்டது. மறைவிடத்திலிருந்து, தூரத்தில் இருந்தவர்களையும் ஓடியவர்களையும் சுட்டிருக்கிறார்கள். ஒரே காவலர் 17 ரவுண்டு சுட்டிருக்கிறார். 17 போலீசார் மீதும் அப்போதைய கலெக்டர் மீதும் நடவடிக்கை எடுக்க வேண்டும். 2022 அக்டோபரில் அறிக்கை சட்டமன்றத்துக்கு வந்தது. எதிர்க்கட்சியாக இருந்தபோது தூத்துக்குடியைச் சொல்லி ஓட்டுக் கேட்டவர்கள் ஆளுங்கட்சி வரிசையில் இருந்தார்கள். டி.வி. பார்த்தவர் எதிர்க்கட்சி வரிசையில் இருந்தார். கீழ்மட்டத்தில் சில சஸ்பெண்ட் உத்தரவுகள் பறந்தன. மேலே இருந்தவர்களில் பதவி உயர்வு பெற்றவர்களும் உண்டு. நடுவில் தேசிய மனித உரிமை ஆணையம் கோப்பை மூடியே விட்டது. சி.பி.ஐ. துருவித் துருவி விசாரித்து, போலீஸ் தரப்பில் கடைசியாக ஒரே ஒரு இன்ஸ்பெக்டரைக் கைகாட்டியது. 13 பிணத்துக்கு ஒரு இன்ஸ்பெக்டர். மொத்த விலையில் தள்ளுபடி.

இப்போது அடுத்த எஸ்.எஸ்.ஐ. எங்கேயோ நைட் டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார். துப்பாக்கி கேட்டுப் பாருங்கள் அவரிடம். வேண்டாம் சார் என்பார். ஆயுதக் கிடங்கு ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு எண்ணி வாங்க வேண்டும், விடிந்ததும் எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆள் குறைந்தால் ஆணையம்தான் வரும். ஒரு ரவுண்டு குறைந்தால் அன்று மாலைக்குள் மெமோ வந்துவிடும்.