ராவாக அடிப்பவன் காட்டுமிராண்டி

கிமு 121-இல் ரோமின் கான்சல்கள் எனும் உச்ச ஆட்சியாளர்களில் ஒருவர் லூசியஸ் ஒபிமியஸ். அரசியல் எதிரி கயஸ் கிராக்கஸின் தலையைக் கொண்டுவருகிறவனுக்கு அதன் எடைக்கு எடை தங்கம் தருவதாக அறிவித்த உத்தமர். தலையைக் கொண்டுவந்த ஆசாமி அவருக்கும் மேலே. மூளையை எடுத்துப் போட்டுவிட்டு, உள்ளே ஈயத்தைக் காய்ச்சி ஊற்றி எடையைக் கூட்டிவிட்டான் என்று வரலாற்றாசிரியர் புளூடார்க் எழுதிவைத்திருக்கிறார்.

அந்த வருஷம் இத்தாலியில் வெயில் நன்றாக அடித்தது. திராட்சை அமோகம். ரோமில் வருஷத்துக்கு எண் கிடையாது, கான்சலின் பெயர்தான். ஒயின் ஜாடியின் மேலும் அதையே எழுதினார்கள். இத்தனை அட்டகாசம் செய்த மனிதரின் பெயர், கடைசியில் உயர்தரச் சரக்கின் பெயராக நிலைத்துவிட்டது.

சுமார் 180 வருஷம் கழித்து, பேரரசர் நீரோ காலத்தில், பெட்ரோனியஸ் ஒரு நாவல் எழுதினார். அதில் திரிமால்கியோ என்ற புதுப்பணக்காரர் விருந்து வைக்கிறார். தேன் தடவிக் கசகசா தூவிய கொழுத்த எலி வருகிறது. காட்டுப்பன்றியின் விலாவைக் கீறினால் உயிருள்ள பறவைகள் பறக்கின்றன. நடுவே கண்ணாடி ஜாடிகள். கழுத்தில் சீட்டு: ஒபிமியஸ் காலத்து ஃபலெர்னியன் ஒயின், வயது 100. கணக்கு எண்பது வருஷம் உதைக்கிறது. எந்த விருந்தாளியும் வாய் திறக்கவில்லை. ஓசிக் குடியில் யார் கூட்டல் கழித்தல் போடுவார்கள்?

அசல் ஒபிமியஸ் சரக்கின் கதியை ரோமானிய அறிஞர் மூத்த பிளினி சொல்கிறார். அவர் காலத்துக்குள் அது தேன்போல் இறுகிக் கசந்துவிட்டதாம். அப்படியே வாயில் வைக்க முடியாது. மற்ற ஒயினில் துளித்துளியாகக் கலக்கத்தான் லாயக்கு. விலை மட்டும் இறங்கவே இல்லை.

ஃபலெர்னியன் என்பது லாட்டியம், கம்பானியா எல்லையில் மாசிக்கோ மலைச்சரிவில் விளைந்தது. நெருப்பு வைத்தால் எரியும் ஒரே ஒயின் இதுதான் என்கிறார் பிளினி. குடிக்கிற பொருளைக் கொளுத்திப் பார்க்கவேண்டும் என்று முதலில் யாருக்குத் தோன்றியதோ!

சரி, ஒயினில் திராட்சையைத் தவிர என்னவெல்லாம் இருந்தது? முதலில் ஈயம். திராட்சைச் சாற்றைச் சுண்டக் காய்ச்சி இனிப்புக்குச் சேர்ப்பார்கள். அதற்குச் செம்பை விட ஈயப் பாத்திரமே மேல் என்று வேளாண் நூலாசிரியர் கொலுமெல்லா பரிந்துரைக்கிறார். காய்ச்சும்போது ஈயம் கரைந்து சாற்றுக்குத் தனி இனிப்பைக் கொடுத்தது. கிராக்கஸின் தலைக்குள் போன அதே சமாச்சாரம்தான், இங்கே வாய்வழியாக. அப்புறம் பிசின், கீல். மாசிலியாவிலிருந்து (இன்றைய மார்செய்) புகைமூட்டி வந்த ஒயினைக் கவி மார்ஷியல் கரித்துக்கொட்டினார்.

கடைசியாகக் கடல்நீர். கிரேக்கத்தின் கோஸ் தீவு ஒயின் வேண்டுமா, வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று இன்னொரு வேளாண் நூலாசிரியர் கேட்டோ செய்முறை தருகிறார். கடல் அமைதியாக இருக்கிற நாளில், கரையிலிருந்து வெகுதூரம் போய்த் தண்ணீர் மொண்டு வரவேண்டும். அறுவடைக்கு 70 நாள் முன்பே மொண்டு வைத்தாகவேண்டும். இவ்வளவு மெனக்கெட்டு ஒயினில் கடலைக் கலந்த இதே மனிதர், பிறத்தியான் ஒயினில் தண்ணீர் கலந்திருக்கிறானா என்று கண்டுபிடிக்கவும் வழி சொல்கிறார். ஐவிக் கொடியின் கட்டையில் செய்த பாத்திரத்தில் ஊற்றினால் ஒயின் கசிந்து வெளியேறுமாம், தண்ணீர் உள்ளேயே நிற்குமாம். பால் வேறு நீர் வேறாகப் பிரிக்கும் அன்னப்பறவையை நம்பியவர்கள் நாம், சிரிக்க நமக்கு யோக்கியதை இல்லை.

தண்ணீர் கலப்பது குற்றமும் இல்லை. ராவாக அடிப்பவன் காட்டுமிராண்டி, நாகரிகமானவன் வெந்நீர் விட்டுக் குடிப்பான். தகராறெல்லாம் யார் கலப்பது என்பதில்தான். பொம்பெயி சுவர் ஒன்றில் ஒரு குடிமகன் கடைக்காரனைச் சபித்துக் கிறுக்கியிருக்கிறான்: எங்களுக்குத் தண்ணீரை விற்றுவிட்டு நல்ல சரக்கை நீயே குடிக்கிறாயே! அதே ஊரில் இன்னொரு கடைச் சுவரில் விலைப்பட்டியல். ஒரு காசுக்குச் சாதாரணம், இரண்டு காசுக்கு நல்லது, நான்கு காசுக்கு ஃபலெர்னியன். நான்கு காசுக்கு அசல் ஃபலெர்னியன் ஊற்றியிருப்பார்கள் என்று நம்புகிறவர்களுக்கு என் வாழ்த்துகள்.

தொட்டுக்கொள்ள? மீன் குடலையும் உப்பையும் வெயிலில் மாதக்கணக்கில் ஊறவைத்து வடித்த கரூம். நாற்றத்தால் ஊரைக் கூட்டும் அந்தச் சாற்றை ஒயினிலேயே கலந்து குழம்பாக ஊற்றிச் சாப்பிட்டார்கள். எந்த உணவுக்கு எந்த ஒயின் என்ற கேள்வி அதோடு தீர்ந்தது. எந்த மனிதனுக்கு எந்த ஒயின் என்பதில்தான் நுட்பம் காட்டினார்கள். இளைய பிளினி போன ஒரு விருந்தில் மூன்று தரம் வைத்திருந்தார்கள்: வீட்டுக்காரருக்கும் முக்கியஸ்தர்களுக்கும் ஒன்று, சில்லறை நண்பர்களுக்கு ஒன்று, விடுதலை பெற்ற அடிமைகளுக்கு ஒன்று. அப்பட்டமான பந்தி வஞ்சனை. என் வீட்டில் எல்லாருக்கும் ஒரே ஒயின் என்று பிளினி பீற்றிக்கொண்டார். செலவு எகிறுமே என்று கேட்டதற்கு, என் ஆட்கள் என் ஒயினைக் குடிப்பதில்லை, நான்தான் அவர்களுடையதைக் குடிக்கிறேன் என்றாராம். சமத்துவமும் சிக்கனமும் ஒரே ஜாடியில்.

நாக்கை நம்பியவர்களும் இல்லாமலில்லை. மருத்துவர்கள் தூக்கிப்பிடித்த சொரெண்டோ ஒயினை, அவர்கள் கூடிப் பேசி உயர்த்திவிட்ட காடி என்று போட்டு உடைத்தார் பேரரசர் திபேரியஸ். மருத்துவர் கேலன் இன்னும் ஒரு படி மேல். பேரரசர் மார்கஸ் அவுரேலியஸின் மருந்துக்காக அரண்மனை நிலவறையில் இறங்கி, 20 வயது தாண்டிய ஃபலெர்னியன் ஜாடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, துளியும் கசப்பில்லாத ஒன்று அகப்படும் வரை சுவைத்துக்கொண்டே போனார். வேலை நேரத்தில், அரசாங்கச் செலவில். அப்படிப் பொறுக்கியெடுத்த அமுதத்தை எதோடு சேர்த்தார் தெரியுமா? விரியன் பாம்புக் கறி, அபின், இன்னும் பல டஜன் சரக்குகள். விஷமுறிவு லேகியம்.

நம் பக்கமும் கொஞ்சம் வந்தது. முசிறி வட்டாரத்துக்கு ஒயின் போகும், அதிகமில்லை என்கிறது பெரிபுளூஸ் என்ற பழைய கிரேக்கக் கடல்வழிக் கையேடு. புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் 1945-இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் தோண்டியபோது ஒயின் ஜாடி ஓடுகள் கிடைத்தன. கோஸ் பாணி ஜாடிகளும் அவற்றில் உண்டு, அதாவது கடல்நீர் வகையறா. புறநானூற்றில் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும் நக்கீரர், யவனர் கொண்டுவந்த நறுமணத் தேறலை மகளிர் பொற்கலத்தில் ஊட்ட மகிழ்ந்திரு என்கிறார். ஈசனின் பாட்டிலேயே பிழை கண்டார் என்று பிற்காலத்தில் கதை கட்டப்பட்டவர் பெயர் அது. தேறலில் உப்புக் கரித்ததா என்பது பற்றி மட்டும் மூச்சுவிடவில்லை. குடிக்கிறவர் அரசர் ஆயிற்றே.