உருளைக்கிழங்கு குழைந்த கதை

கேள்வி: பெண்கள் எடுக்கும் சுயாதீனப் படம் என்றால் 'பெண் பார்வையில் ஒரு படம்' என்று தவறாமல் எழுதுகிறீர்களே, ஏன்?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: சோம்பல்தான், தாயே! அந்த ஒரு வரியைப் போட்டுவிட்டால் கேமரா, எடிட்டிங் பற்றியெல்லாம் மெனக்கெட வேண்டாம் பாருங்கள். (நானும் போட்டிருக்கிறேன்.)

பெல்ஜியத்தின் ஷாந்தால் அக்கர்மான் இளம் வயதில் எடுத்து 1975-ல் வந்த படம் 'ழான் தீல்மான்'. ஒரு விதவையின் மூன்று நாள் வீட்டு வேலை, 200 நிமிடம். கேமரா இம்மியும் நகராது. எல்லாவற்றையும் கச்சிதமாகச் செய்கிறவள், இரண்டாம் நாள் உருளைக்கிழங்கைக் குழைய விட்டுவிடுகிறாள். பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு, அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் வீட்டுக்குள்ளேயே அலைகிறாள். அவ்வளவுதான், நமக்கு வயிற்றைக் கலக்குகிறது! அசையாத கேமராவை வைத்துக்கொண்டு இதை எப்படிச் சாதித்தார் என்று எழுதுவதல்லவா விமர்சனம்?

'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் கேட்டு வெளியிடும் சிறந்த படங்களின் பட்டியலில், ஒரு பெண் இயக்கிய படம் முதலிடம் பிடித்தது 2022-ல்தான். அது இந்தப் படம். அக்கர்மான் 2015-லேயே காலமாகிவிட்டார்.